எழிலரசி வைத்த வெள்ளை

திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி கடை நடத்துகிறவர்கள் ‘வெள்ளை வைப்பது’ என்று சொன்னால், சுவருக்கு அடிக்கிற வெள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாக விழுந்திருக்கும். ஸ்கேன் செய்த நோட்டீசில் பழைய விலாசம் இருக்கும். அதையெல்லாம் முதலிலிருந்து செய்ய யாருக்கு நேரம்? தப்பின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்து, அதற்குள் சரியானதை அடித்துவிடுவார்கள். பெட்டிக்கு ஓரக்கோடு கிடையாது. தாளும் வெள்ளை, பெட்டியும் வெள்ளை. பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தால் எது தாள், எது பெட்டி என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

இந்த வேலையில் எழிலரசியை மிஞ்ச ஆள் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்தவள். நெல்லிக்குப்பத்தில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, இருபத்து மூன்று வயதில் கண்ணாயிரம் என்பவருடைய டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளை வைக்க அங்கேதான் பழகினாள். கண்ணாயிரம் லேசில் யாரையும் மெச்சுகிற ஆள் இல்லை. அவரே கடைக்கு வருகிறவர்களிடம், “எழிலு வெச்ச வெள்ளைய எழிலாலயே கண்டுபுடிக்க முடியாது” என்று சொல்வார். இப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. ரயிலடிக்குப் போகிற வழியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, எட்டுக்குப் பத்தில் சொந்தக் கடை. பதின்மூன்று வருடமாக ஓடுகிறது. பத்திரிகை, பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்லூரி பிராஜெக்ட், ஆராய்ச்சிக்காரர்களின் தீசிஸ் என்று எது வந்தாலும் செய்வாள்.

அவளிடம் இன்னொரு குணம் உண்டு. எதையாவது பார்த்து ‘ஏன் இப்படி’ என்று தோன்றிவிட்டால், அது தெரிகிற வரைக்கும் சோறு இறங்காது. பஸ் ஸ்டாண்டு கடிகாரம் ஏன் எப்போதும் நான்கு நிமிடம் பின்தங்கியே ஓடுகிறது என்று கேட்கப் போய், அங்கிருந்த நேரக்காப்பாளரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவள். அவள் கணவர் இளவரசு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறார். “உனக்கு ஒரு சந்தேகம் வந்துட்டா எனக்கு அன்னிக்கு ஓட்டல் சாப்பாடுதான்” என்று சொல்வார். வருத்தப்பட்டுச் சொல்கிறாரா, சந்தோஷப்பட்டுச் சொல்கிறாரா என்பதை அவள் மட்டும் விசாரித்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்கு வந்து நின்றது அனுப்பிரியா. முப்பத்து நான்கு வயது. ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்கிறவள். கடலூரிலிருந்து தெற்கே கடலோரமாக ஒன்பது கிணறுகள். ஏழு வருடமாக மாதம் தவறாமல் ஸ்கூட்டியில் போய் அந்தக் கிணற்றுத் தண்ணீரையெல்லாம் பாட்டிலில் பிடித்துவந்து, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்திருக்கிறாள். அந்தத் தீசிஸை எழிலரசிதான் அடித்து, படங்கள் வைத்து, ஒழுங்கு செய்து கொடுத்திருந்தாள். இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் தீசிஸைக் கொடுக்கக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. அதற்குமேல் தவணை கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அனுப்பிரியா ஸ்டூலில் உட்காரவில்லை. போனை எடுத்து நீட்டினாள்.

“அக்கா, இத பாருங்க. சார் அனுப்பியிருக்கார்.”

சார் என்பது சிதம்பரத்தில் இருக்கிற பேராசிரியர் உமாசங்கர். அனுப்பிரியாவின் வழிகாட்டி. திருத்தம் போட வசதியாக இருக்கும் என்று அவர் வேர்டு ஃபைலாகவே கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இவள் அனுப்பினாள். திங்கட்கிழமை அவர் அதைத் தன் போனில் திறந்து பார்த்திருக்கிறார். பார்த்ததை அப்படியே படம்பிடித்து இவளுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

எழிலரசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஒன்பது கிணற்றுக்கும் வடக்கிலிருந்து தெற்காக ஒன்பது தூண்கள் நிற்கிற படம். உப்பு அதிகமென்றால் தூண் உயரம். தூணின் காலடியில் கிணற்றின் எண் இருக்க வேண்டும். இங்கே முதல் தூணின் காலடியில் 7 என்று இருந்தது. 1 என்கிற எண் ஒரு வெள்ளைச் சதுரத்தோடு மேலே ஏறிப்போய், தூணின் இடுப்பை மறைத்துக்கொண்டு நின்றது. இரண்டாவது தூணுக்கு அடியில் 2 இருக்க வேண்டிய இடத்தில் 5. ஒன்பதும் அந்த லட்சணத்தில்தான் இருந்தன.

“ஏழாவது கிணத்துத் தண்ணிய ஒண்ணாவது கிணத்துத் தண்ணின்னு காட்டியிருக்கேன்றார்க்கா. கிணத்துக்கெல்லாம் நம்பர் மாத்துனேன் சார், குறிப்பேட்டுல நான் போன வரிசைல போட்டிருந்தேன், தீசிஸ்ல மேப்புக்கு ஏத்த மாதிரி வடக்கேருந்து தெக்கே போட்டிருக்கேன்னு சொன்னேன். அப்பிடின்னா படத்தப் புதுசாதான போட்டிருக்கணும், மேல ஏன் ஒட்டியிருக்குன்னு கேக்குறார். ஒட்டவே இல்ல சார், அடியில எதுவும் இல்லன்னு எங்கம்மா மேல சத்தியம் பண்ணேன். கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார்க்கா.”

அடியில் இருந்தது. அவளேதான் வைத்தாள். எண்களை மாற்ற வேண்டும் என்று அனுப்பிரியா ஒரு துண்டுத் தாளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு வரிசை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். பன்னிரண்டு படங்களையும் புதிதாகப் போட முழுசாக ஒரு நாள் ஆகும். வெள்ளை வைத்தால் இரண்டு மணி நேரம். பன்னிரண்டு படம், ஒன்பது கிணறு, மொத்தம் நூற்றெட்டு வெள்ளை. அர்ச்சனைக் கணக்கு மாதிரி வைத்து முடித்தாள். அனுப்பிரியாவிடம் அதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. சாம்பாரில் பெருங்காயம் போட்டதை யாரும் சொல்லிக்கொண்டிருப்பதில்லையே, அப்படித்தான்.

“அனு, உக்காரு” என்றாள். “அடியில இருக்குது. நான்தான் வெள்ளை வெச்சேன்.”

அனுப்பிரியா உட்கார்ந்தாள். “அப்ப நான் பண்ணது பொய்ச் சத்தியமாக்கா?” என்றாள்.

எழிலரசிக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று அப்போதே தலைதூக்கிவிட்டது. தன் கம்ப்யூட்டரில் அதே ஃபைலைத் திறந்தாள். ஒன்பது எண்ணும் தூண்களின் காலடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. அனுப்பிரியாவின் போனில் திறந்தாள். எண்கள் மேலே ஏறி நின்றன. ஒரே ஃபைல். ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை. அப்படியிருக்க ஏன்?

“நீ காலேஜுக்குப் போ. எனக்கு ஒரு நாள் குடு” என்றாள்.

கடையைப் பூட்டிவிட்டு, ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். அன்றைக்குத் திருப்பாதிரிப்புலியூரில் யார் யார் கடையில் கம்ப்யூட்டர் இருந்ததோ அத்தனை பேரும் அந்த ஒன்பது கிணறுகளைப் பார்த்தார்கள். முதலில் அடுத்த கடைக் கதிரவன். செல்போன் ரிப்பேர் செய்கிறவன். அவனிடம் எந்நேரமும் பத்துப் போன்கள் பிரித்தும் பிரிக்காமலும் கிடக்கும்.

“எல்லாத்துலயும் இத திறந்து காட்டு.”

“அக்கா, இதெல்லாம் கஸ்டமர் போனு.”

“நான் என்ன அவுங்க போட்டோவையா பாக்கப் போறேன்? ஒம்போது கிணறுதான் பாக்கப் போறேன்.”

சரியாகிவிட்ட போன்களின் சொந்தக்காரர்கள் எடுத்துப்போக வந்தபோது, கதிரவன் அவர்களிடமே கேட்டுத் திறந்து காட்டினான். நான்கு போன்கள். நான்கிலும் எண்கள் மேலே ஏறியிருந்தன. ஒன்றில் கொஞ்சம், இன்னொன்றில் ஜாஸ்தி. எழிலரசி ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். அடுத்து, சான்றிதழ் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் சேவை மையம். அங்கே இருந்தது காசில்லாமல் கிடைக்கிற வேறொரு ஆபீஸ் மென்பொருள். அதில் கூத்தே வேறு. படம் மொத்தமாக அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. ஒன்பது வெள்ளைப் பெட்டிகளும் முந்தின பக்கத்திலேயே, எழுத்துகளின் மேல், பஸ்ஸைத் தவறவிட்ட ஆட்களைப் போல வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எழிலரசி தன் நிலைமையையும் மறந்து சிரித்துவிட்டாள்.

சிரித்த பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. காலையிலிருந்து பெட்டிகள் ஏறிவிட்டன, பெட்டிகள் ஏறிவிட்டன என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே பெட்டிகள் எங்கேயும் போகவில்லை. ஓடியது படம்.

ஒரு ஸ்கேலை வாங்கித் திரையில் வைத்து அளந்தாள். பக்கத்தின் தலையிலிருந்து பெட்டி இருக்கிற தூரம், தன் கடையில் அளந்ததும் இங்கே அளந்ததும் ஒன்றே. மறுபடி கதிரவன் கடைக்கு ஓடினாள். போனில் பக்கத்தைப் பெரிதாக்கி, படத்துக்கு மேலே இருக்கிற வரிகளை எண்ணினாள். அவள் கம்ப்யூட்டரில் பதினேழு வரி. போனில் பத்தொன்பது. அந்த இரண்டு வரி கூடியதால் படம் கீழே இறங்கியிருக்கிறது. பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பார்க்கிறவர் கண்ணுக்குப் பெட்டிகள் ஏறினதுபோலத் தெரிகிறது.

“படம் வரியோட போவுது கதிரு. பெட்டி பக்கத்தோட நின்னுடுது” என்றாள்.

கதிரவனுக்கு ஒன்றும் புரியவில்லை. “சரிக்கா” என்றான்.

சரி, வரி ஏன் கூட வேண்டும்? மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அதையும் யோசித்தாள். தெருக்கோடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் இருக்கிறது. அவள் வைத்திருக்கிற அதே வேர்டு அங்கேயும் உண்டு, வருடம்கூட மாறவில்லை. அங்கே திறந்தால் ஒழுங்காக இருக்க வேண்டும். திறந்தாள். அங்கேயும் படம் இறங்கியிருந்தது. அந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தாள். அவள் போட்ட எழுத்து இல்லை அது. தீசிஸுக்கென்று அவள் ஒரு எழுத்துருவைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள், பார்க்க லட்சணமாக, கொஞ்சம் ஒல்லியாக இருக்கும். அது இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. இல்லாததால் அது தன்னிடம் இருந்த வேறொரு குண்டு எழுத்தைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறது. குண்டு எழுத்து இடத்தை அடைக்கும், வரி கூடும். அவள் பென் டிரைவிலிருந்து தன் எழுத்துருவை அங்கே ஏற்றினாள். மூடித் திறந்தாள். படம் மேலே ஏறியது. ஒன்பது எண்களும் காலடியில் வந்து நின்றன.

ஆடிட்டர் ஆபீஸ் பெண் காபி குடிக்கிறீர்களா என்று கேட்டது எழிலரசியின் காதில் விழவில்லை.

கடைசியாக ஒன்று பாக்கியிருந்தது. பன்னிரண்டு படங்களில் 4.6 என்கிற படம் மட்டும் எந்தப் போனிலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் நகரவே இல்லை. திரும்ப வருகிற வழியில் அதற்கும் விடை கிடைத்தது. அந்தப் படத்தை அவள் புதுப் பக்கம் போட்டு, அதன் உச்சியிலேயே வைத்திருந்தாள். அதற்கு மேலே வரியே கிடையாது. தள்ள ஆள் இல்லாததால் நகரவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம், தப்பு செய்தவளுக்கு இருக்கக் கூடாத அளவு. ஆனால் காரணம் தெரிந்ததால் கையெழுத்து கிடைத்துவிடாது. படங்களைப் புதிதாகப் போட்டாக வேண்டும். புதன்கிழமை காலையில் கடையைத் திறந்ததும், ஒவ்வொரு படத்திலும் வெள்ளைகளை ஒன்றொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தாள். அடியில் இருக்கிற பழைய எண்ணையும், மேலே இருந்த புதிய எண்ணையும், அனுப்பிரியா கொடுத்த துண்டுத் தாளோடு வைத்துச் சரிபார்த்தாள். அதற்குத் தேவையே இல்லை. புதுப்படத்துக்குக் கணக்கை அட்டவணையிலிருந்துதான் எடுக்கப் போகிறாள். இருந்தாலும் நூற்றெட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு இது.

4.9 என்கிற படத்தில் கை நின்றது. மூன்றாவது தூணின் வெள்ளையை எடுத்தாள். அடியில் 2. துண்டுத் தாளில் பழைய 2 என்பது புதிய 4. அவள் வைத்திருந்ததோ 3. பக்கத்துத் தூணில் 4 என்று வைத்திருந்தாள், அங்கே வர வேண்டியது 3.

மறுபடி பார்த்தாள். மூன்றாம் தடவையும் பார்த்தாள். அந்தப் படம் செய்த நாள் நினைவுக்கு வந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நான்கு பேர் வந்து நின்றார்கள். சாவு வீட்டுக்காரர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. இதைப் பாதியில் விட்டு, அதை முடித்துக் கொடுத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறாள். இந்த ஒரு படத்தில் மட்டும் அந்த இரண்டு தூண்களும் இடம் மாறி நிற்பதைக் கவனிக்காமல், மற்ற படங்களில் வைத்தது போலவே 3, 4 என்று வைத்துவிட்டாள். யார் கண்ணிலும் படாத வெள்ளை என்று கண்ணாயிரம் மெச்சினாரே, அது உண்மைதான். யார் கண்ணிலும் படவில்லை.

தீசிஸில் அந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாள். அடித்தது அவள் கைதான். ஆனால் அடிக்கும்போது யார் அர்த்தம் பார்க்கிறார்கள்? நான்காவது கிணறு உப்பங்கழி ஓரத்தில் இருக்கிறது, எப்போதும் உப்பு ஜாஸ்தி. மூன்றாவது கிணறு உள்ளே தள்ளி, தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கும். அந்த ஒரு கோடையில் மட்டும் மூன்றாவது உப்பேறி, நான்காவது தெளிந்துவிட்டது, ஏன்? அனுப்பிரியா அதற்குக் காரணம் தேடி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். மோட்டார் போட்டு இறைத்தது, கால்வாயில் தண்ணீர் விட்டது, மண்ணுக்கடியில் மணல் அடுக்கு எப்படிப் போகிறது என்றெல்லாம். முந்தின அச்சுப் பிரதியில் உமாசங்கர் சார் போட்ட திருத்தங்களை அனுப்பிரியா படமெடுத்து அனுப்பியிருந்தாள், அதில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவருடைய குறிப்பும் இருந்தது. ‘நல்ல சிந்தனை.’

எழிலரசி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். நடக்காத ஒன்றுக்கு ஒன்றரைப் பக்கம். அந்தக் கோடையை உண்டாக்கியது வானமும் இல்லை, கடலும் இல்லை. இவள்.

வியாழக்கிழமை காலையில் இருவரும் பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம் போனார்கள். புதிதாகப் போட்ட பன்னிரண்டு படங்களும் எழிலரசியின் பையில் இருந்தன. ஆலப்பாக்கம் தாண்டியதும் அவள் சொன்னாள். வளைத்துப் பேச அவளுக்கு வராது. 4.9ஐயும் துண்டுத் தாளையும் எடுத்து அனுப்பிரியாவின் மடியில் வைத்தாள்.

அனுப்பிரியா இரண்டையும் ஒன்றோடொன்று வைத்து விரலால் ஒத்துப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பு ஓடியது.

“நான் டேபிளப் பாத்து எழுதலக்கா” என்றாள். “காலேஜு விட்டு வந்து, படத்தப் பாத்துதான் எழுதுனேன். டேபிள்ள சரியாத்தான இருக்குது?”

“டேபிள்ள சரியாத்தான் இருக்குது.”

“அந்த ஒன்றரைப் பக்கம் மட்டும்தான் சார் நல்லாருக்குன்னு சொன்னது. ஏழு வருஷத்துல அது ஒண்ணுதான்.” தாழ்ந்த குரலில், “அக்கா, நம்பர் ஏறுன விஷயத்த மட்டும் சொல்லுங்க. இது வேணாம். நாளைக்கு ஒரு நாள் போயிட்டா போதும்” என்றாள்.

எழிலரசி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தப்பு தன்னுடையது, படிப்பு அவளுடையது. எதை யார் சொல்ல வேண்டும் என்று கிள்ளை ஸ்டேஷன் வரைக்கும் யோசித்தும் பிடிபடவில்லை.

உமாசங்கரின் வீடு சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் இருந்தது. கோவிலுக்கு வந்த பஸ்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் ஆட்டோக்காரர் முன்னாலேயே இறக்கிவிட்டார். சார் அறுபதை நெருங்குகிறவர். சத்தம் போடுகிறவர் இல்லை. அதனாலேயே அவர் முன்னால் நிற்கப் பயமாக இருக்கும். அனுப்பிரியாவைப் பார்த்துவிட்டு, “இவுங்க யாரு?” என்றார்.

“டைப் பண்ணவ சார். எழிலரசி. உங்க போன்ல தெரிஞ்ச வெள்ளைய வெச்சது நான். இவளுக்கு அது தெரியாது. தெரியாமத்தான் சத்தியம் பண்ணிட்டா.”

“தப்ப டைப்பிஸ்ட் மேல போடுறது புதுசு இல்லம்மா” என்றார் அவர் நிதானமாக. “இருபத்தஞ்சு வருஷமா கேக்குறேன். நீங்க வெச்சீங்கன்னு நான் எப்பிடி நம்புறது?”

“நம்ப வேணாம் சார். போன எடுங்க. ஆனா எங்கிட்ட காட்டாதீங்க. உங்க போன்ல என்ன தெரியும்னு நான் சொல்றேன்.”

அவர் புருவம் ஏறியது. போனை எடுத்து ஃபைலைத் திறந்தார்.

“4.2ல நம்பருங்க தூணு மேல ஏறியிருக்கும். 4.3ல அதவிட ஜாஸ்தி ஏறியிருக்கும், ஏன்னா அதுக்கு மேல பெரிய பாரா இருக்கு. பாருங்க.”

பார்த்தார்.

“4.6ல ஒண்ணுமே ஆயிருக்காது. எல்லாம் சரியா இருக்கும்.”

விரலால் தள்ளித் தள்ளிப் போனார். 4.6 வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏன்?” என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எழிலரசிக்குப் பயம் போய்விட்டது. அந்த வார்த்தை அவளுடையது. ஒல்லி எழுத்து, குண்டு எழுத்து, பதினேழு வரி, பத்தொன்பது வரி, வரியோடு போகிற படம், பக்கத்தோடு நிற்கிற பெட்டி என்று கடகடவென்று சொன்னாள். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கக் கணக்கையும் எடுத்துக் காட்டினாள். அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒரு கட்டத்தில் மேஜைக் கம்ப்யூட்டரில் அவரே ஃபைலைத் திறந்து, மேலே நான்கு வரி சேர்த்துப் பார்த்தார். படம் இறங்கியது. வரிகளை எடுத்தார். படம் ஏறியது. இன்னொரு தரமும் செய்தார், சரிபார்க்க இல்லை, பார்க்க நன்றாக இருந்ததால்.

“சரி” என்றார். “பழைய நம்பருக்கும் புது நம்பருக்கும் லிஸ்ட் இருக்கா?”

துண்டுத் தாளைக் கொடுத்தார்கள். தான் கையெழுத்துப் போட்ட களக் குறிப்பேட்டோடு அதை ஒத்துப் பார்த்தார். ஏழு ஒன்றானது, ஐந்து இரண்டானது. எல்லாம் சரியாக இருந்தது. முகம் இளகியது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். சான்றிதழ்ப் பக்கம் மேஜையில் தயாராக இருந்தது.

“வேற ஏதாவது இருக்கா?” என்றார். அது வாய் வார்த்தையாகக் கேட்டதுதான்.

அனுப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழிலரசி அவளைப் பார்த்தாள். பேனா காகிதத்துக்கு மேலே இருந்தது. இப்போது பேசாமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது. பேசாமல் இருப்பது என்றால் என்ன? மேலே இன்னொரு வெள்ளை. அவ்வளவுதானே.

“இருக்கு சார்” என்றாள். “4.9ல என் கை தப்பிடுச்சு. மூணும் நாலும் மாத்தி வெச்சிட்டேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு 4.9ஐ எடுத்தார். புதுப்படத்தையும் பக்கத்தில் வைத்தார். அட்டவணையைத் திருப்பினார். பிறகு அந்த ஒன்றரைப் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் மெதுவாகப் படித்தார்.

“நான் டேபிளப் பாக்கல சார்” என்றாள் அனுப்பிரியா. அழுதுவிடுவாள் போலிருந்தது. “படத்தப் பாத்தேன். நம்பிட்டேன். வர வழியில அக்காகிட்ட இதச் சொல்லாதீங்கன்னும் சொன்னேன்.”

உமாசங்கர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து முந்தின பிரதியை எடுத்துவந்தார். அதே பக்கத்தைப் புரட்டி இருவருக்கும் நடுவில் வைத்தார். ஓரத்தில் அவருடைய கையெழுத்து. ‘நல்ல சிந்தனை.’ அதற்கு இரண்டு பக்கம் முன்னால் அட்டவணை.

“நானும் பாக்கல” என்றார்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, ஒன்றரைப் பக்கத்துக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டார். தன் இரண்டு வார்த்தைக் குறிப்பின் மேலும் போட்டார். “இத எடுத்துட்டு, அந்தக் கோடையும் மத்த வருஷம் மாதிரிதான் இருந்துச்சுன்னு நாலு வரி எழுதுங்க. எழுதுனத இங்கயே காட்டுங்க” என்று அனுப்பிரியாவிடம் சொன்னார். அவள் எழுதி முடித்ததும் படித்துப் பார்த்து, சான்றிதழ்ப் பக்கத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது எழிலரசியைக் கூப்பிட்டார். “என் பசங்க தீசிஸ் எவ்ளோ பண்ணியிருப்பீங்க?”

“பதினாலு இருக்கும் சார்.”

“அதுலயெல்லாம் வெள்ளை இருக்கா?”

“ஏழெட்டுல இருக்கும். ஃபைலு எல்லாம் எங்கிட்ட இருக்கு. எடுத்துப் பாக்குறேன் சார்” என்றாள். அவர் தலையை ஆட்டினார். இனி தன் மாணவர்களை உன்னிடம் அனுப்புவேன் என்றும் சொல்லவில்லை, அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அனுப்பிரியா தீசிஸைக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் பைண்டிங் செய்த பிரதி ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தாள். முன்பக்கத்தில் நன்றி சொல்லியிருந்த பெயர்களில் எழிலரசியின் பெயரும் இருந்தது. இருபத்தோரு வருடத்தில் அவள் பெயர் ஒரு தீசிஸில் அச்சானது அதுதான் முதல் தடவை. கதிரவன் அதைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினான்.

எழிலரசி அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. நேராக 4.9க்குப் போனாள். மூன்றாவது தூண் குட்டையாக இருந்தது, நான்காவது உயரமாக இருந்தது. காலடியில் 3, 4 என்று எண்கள். அவள் கையால் போட்ட புதுப்படம், அடியில் எதுவும் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் விரலால் அந்த இரண்டு எண்களையும் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூடினாள்.